ஒழுகாத ஓட்டை

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில காஞ்சிபுரத்தைத் தாண்டி வேலூர் பக்கம் போனா தாமல் வரும். பெரிய ஏரி இருக்கற ஊர். அங்கதான் என் மச்சான் ஒரு ஷெட் போட்டு, செகண்ட் ஹேண்டுல வாங்கின சிஎன்சி மில்லிங் மெஷின் ஒண்ணை ஓட்டிக்கிட்டு இருக்கான். அதுல ரிப்பேர் வந்தா நான்தான் டாக்டர். எம்பிபிஎஸ் படிக்காத டாக்டர் :-)

போன மாசம் ஒரு நாள் காலையில போன். "மாமா, லோ கியர்ல போட்டா உறுமுது. கியர்பாக்ஸ் மேல கை வைக்க முடியல, அவ்ளோ சூடு."

சிஎன்சி-யில எதுக்குய்யா கியர்பாக்ஸ்னு கேக்கலாம். மோட்டார் வேகமா சுத்தும்போது நல்ல பவர் தரும். ஆனா பெரிய கட்டரைப் போட்டு இரும்பை மெதுவா செதுக்கணும்னா முறுக்குவிசை வேணும். அதுக்குத்தான் இந்த மாதிரி மெஷின்ல ஹை, லோன்னு ரெண்டு கியர். அந்தக் கியருக்கெல்லாம் ஒரு குட்டி பம்ப், டேங்க்லேர்ந்து எண்ணெயை உறிஞ்சி மேல அனுப்பிக்கிட்டே இருக்கும்.

போய்ப் பாத்தேன். டேங்க்ல எண்ணெய் ஃபுல். எங்கயும் ஒரு சொட்டு ஒழுகல. ஆனா எண்ணெய் ஓடறதைக் காட்டற கண்ணாடியில வெறும் நுரை.

அப்பதான் வயித்துல புளி கரைச்சுது. ஏன்னா ஒரு வருஷம் முன்னாடி அந்த உறிஞ்சற லைன்ல கை வெச்சது நான்தான். அதிர்ந்து அதிர்ந்து செம்புக் குழாய், நட்டு பக்கத்துல விரிசல் விட்டிருந்தது. மறுநாள் டெலிவரி. ராத்திரி ஏழு மணிக்குக் கிடைச்ச ரப்பர் ஹோஸை மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினேன். அப்புறம் எண்ணெய் ஓட்டம் குறைவுன்னு அலாரம் வந்து வந்து மெஷின் நின்னுச்சு. சென்சார் ஒயர் ரெண்டையும் சேத்து முறுக்கிட்டேன். 'காலையில எடுத்துடலாம்.' எந்தக் காலைன்னு சொல்லல பாருங்க.

மெயினை அணைச்சுட்டு ஹோஸைக் கழட்டினேன். வேகவெச்ச கத்திரிக்காய் மாதிரி இருந்தது. சாதா ரப்பருக்கும் மினரல் எண்ணெய்க்கும் ஆகாது. ஊறி, உப்பி, கொழகொழன்னு ஆயிடும். பம்ப் உறிஞ்சும்போது உள்பக்கமா ஒட்டிக்கும். கிளிப் பக்கம் தளர்ந்து காத்தையும் இழுத்திருக்கு. இங்கதான் நான் ஏமாந்தேன். பம்ப் தள்ளற பக்கம் ஓட்டைன்னா எண்ணெய் வெளிய ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சற பக்கம் ஓட்டைன்னா ஒழுகாது. காத்துதான் உள்ள போகும். 'ஒழுகல, நல்லா இருக்கு'ன்னு ஒரு வருஷம் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

இந்தத் தடவை ஒழுங்கா செய்யணும்னு முடிவு பண்ணேன். காஞ்சிபுரத்துல ஏசி மெக்கானிக் கடையில அரை இஞ்ச் செம்புக் குழாய் இருந்தது. அரை இஞ்ச்னா 12.7 மி.மீ. நமக்கு வேண்டியது 12. '0.7 தானே, ராவிட்டா நுழைஞ்சிடும்'னு உள்ளேர்ந்து பழைய குரல் கேட்டுச்சு. பேசாம சென்னைக்கு பஸ் ஏறி, பாரிமுனையில 12 மி.மீ. குழாயும் ஃபெரூலும் வாங்கிட்டு வந்தேன். குழாயை நேரா வெட்டி, பிசிறு எடுத்து, அதிர்வைத் தாங்க நடுவுல ஒரு சுத்து வளைச்சு மாட்டினேன். டெஃப்லான் டேப் சுத்தல. இந்த மாதிரி ஜாயின்டுல அடைக்கறது ஃபெரூல்தான். டேப் பிஞ்சு உள்ள போனா அதுவே அடைப்பு. பில்டர்ல இருந்த ரப்பர் துணுக்கையெல்லாம் கழுவி, புது எண்ணெய் ஊத்தினேன். மெஷின் தகட்டுல விஜி 32-ன்னு போட்டிருந்தது. 40 டிகிரியில எண்ணெய் எவ்ளோ கெட்டின்னு சொல்ற நம்பர் அது.

கடைசியா முறுக்கின ஒயரைப் பிரிச்சு சென்சாரை மறுபடி இணைச்சேன். பம்ப் ஓடுச்சு. கண்ணாடியில நுரை இல்லாத எண்ணெய். அலாரம் வரல.

ஆனா பழைய எண்ணெயை வடிச்சப்போ காந்தத்துல விபூதி மாதிரி இரும்புப்பொடி இருந்தது. அது சகஜம். கூடவே நகக்கண் அளவு ரெண்டு சில்லும் இருந்தது. அது சகஜம் இல்ல. லோ கியர் சத்தம் குறைஞ்சது, ஆனா முழுசா போகல.

மச்சான்கிட்ட நான் செஞ்சதையெல்லாம் சொன்னேன். பக்கத்துல என் மாமனார் உக்காந்திருந்தார். பிள்ளையார்பாளையத்துல நாப்பது வருஷம் பட்டு நெய்தவர். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தறியில இழை அறுந்தா அங்கயே நிறுத்தி முடிச்சுப் போடுவோம் மாப்ள. அப்புறம் பாத்துக்கலாம்னு நெய்துக்கிட்டே போனா, சேலை முடிஞ்சுடும். முடிச்சு எங்க போடறது?" அப்படின்னார்.

கியரைப் பிரிச்சுப் பாக்கணும். செலவுல பாதி நான் தரேன்னு சொல்லியிருக்கேன். அந்த ரெண்டு சில்லையும் பாலிதீன் கவர்ல போட்டு டூல் பாக்ஸ்ல வெச்சிருக்கேன். அடுத்த தடவை 'காலையில எடுத்துடலாம்'னு தோணும்போது கண்ணுல படட்டும்.