படிக்கட்டில் நின்றுபோன ரெவிட்!

"ரெவிட் தெரியுமா?"

சிவில் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. டிப்ளமோ கடைசி வருடம் படிக்கும் என் தங்கையிடமும் கேட்டார்கள். அவளுக்கு ஆட்டோகேட் நன்றாக வரும், ரெவிட் தெரியாது. "கத்துக்கிட்டு வாம்மா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர் இரும்பை. ஆரோவில் பக்கத்திலேயே இருப்பதால் கட்டட வேலைக்குப் பஞ்சமில்லை. அப்பா 25 வருடமாகக் கொத்தனார். செங்கல் சுவரும் கட்டுவார், சூளையில் சுடாத மண்கல் சுவரும் கட்டுவார். தங்கையின் பழைய லேப்டாப்பில் ரெவிட் ஓடவில்லை. அம்மாவின் செயின் அடகுக்குப் போனது, புது லேப்டாப் வந்தது. மாணவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்பதால் மென்பொருளுக்குச் செலவில்லை.

ஆனால் ஒரு வாரத்திலேயே, "எனக்கு இது வராதுக்கா" என்று மூடிவைத்துவிட்டாள்.

ஏன் கஷ்டம்? 1982-ல் வந்த ஆட்டோகேடில் சுவர் என்றால் 9 அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள். 2000-ல் வந்த ரெவிட்டுக்குக் கோடு போதாது. என்ன சுவர், எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரம், எந்தத் தளத்தில் நிற்கிறது என்று எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பிளான், முகப்புத் தோற்றம், ஜன்னல் பட்டியல் எல்லாம் தானாக வரும். ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். அதாவது, வீட்டை மனசுக்குள் கட்டிப் பார்க்கத் தெரிய வேண்டும்.

தங்கை நின்றுபோன இடம் படிக்கட்டு. தளத்தின் உயரம் 10 அடி. படி உயரம் 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம். மிதி 10 அங்குலம் வீதம் 19 மிதிக்குக் கிட்டத்தட்ட 16 அடி நீளம் வேண்டும். இருந்த இடமோ 12 அடி. 'படி எண்ணிக்கை போதவில்லை' என்று ரெவிட் எச்சரித்துக்கொண்டே இருந்தது. யூடியூபில் பார்த்தபடி பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தினாள்.

வேலை முடிந்து வந்த அப்பா எட்டிப் பார்த்தார். "எத்தினி அடி இருக்குதும்மா?" என்றார். சொன்னாள். "நேராப் போனா எப்படிப் பத்தும்? பாதியில மடக்கு. பத்துப் பத்தா ரெண்டாப் பிரி, நடுவுல 3 அடி லேண்டிங் விடு."

ஒரு பக்கத்துக்கு 9 மிதி, ஏழரை அடி. லேண்டிங்கோடு பத்தரை அடி. எச்சரிக்கை மறைந்தது.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவருக்கும் பாடம். லின்டல் எந்த உயரத்தில், கழிவறைத் தரை எவ்வளவு தாழ்வாக என்று ரெவிட் கேட்பதற்கெல்லாம் அப்பாவிடம் பதில் இருந்தது. பட்டன் எங்கே என்பது மட்டும்தான் தங்கையின் வேலை.

ஒன்றரை மாதத்தில் எங்கள் வீட்டையே முழுதாக வரைந்துவிட்டாள். அடுத்த மாதம் மறுபடியும் இன்டர்வியூ. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் "வராது" என்ற வார்த்தை வீட்டில் இல்லை.

ரெவிட்டோ வேறு மென்பொருளோ, கற்கத் திணறுகிறீர்களா? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு டேப்பை எடுங்கள். உங்கள் வீட்டுச் சுவரையும் படியையும் அளங்கள். தெருவில் ஒரு கொத்தனார் இருந்தால், தயங்காமல் கேளுங்கள்!