மருந்தெழுதாத வைத்தியம்

என் தமக்கையின் புதல்வி மனோதத்துவ சிகிச்சை நிபுணர். மருந்தெழுதும் உரிமை அவளுக்கு இல்லை. அது தேவையானால் மனநோய் வைத்தியரிடம் அனுப்பிவிடுவாள். "அப்படியானால் என்னதான் படித்தாள்?" என்று கேட்காத உறவினர் இல்லை.

படித்தது கொஞ்சமல்ல. எம்.ஏ.வுக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸில் இரண்டு வருஷம். 1955-ஆம் ஆண்டிலேயே அங்கே இத்துறைப் பயிற்சி தொடங்கிவிட்டது. நோயாளியின் ஞாபகசக்தியை அளவிடுதல், குடும்பத்தாரை விசாரித்தல், எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியரிடம் பதில் சொல்லுதல் எல்லாம் உண்டு. ஆனால் மிகக் கடினமான பாடம், எதிரே ஒருவர் அழும்போது "அழாதே" என்று சொல்லாதிருப்பதுதானாம். நம் வீடுகளில் அது யாருக்குக் கைவந்திருக்கிறது!

முதன்முதலில் அவளிடம் ஒப்படைக்கப்பட்டவர் முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லையாம்; அவளும் பொறுத்திருந்தாளாம். மறுவாரமும் வந்தாராம். "பிறகு என்ன சொன்னார்?" என்று ஆவலோடு கேட்டேன்.

"அதை மட்டும் கேட்காதீர்கள், சித்தி" என்றாள்.