கல்லும் பட்டும் கைப்பேசியும்

காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் பெரும்பாலும் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதர் ஆகிய மூன்று சந்நிதிகளையும் சேவித்துவிட்டுப் பட்டுக்கடைக்குப் போய்விடுகிறார்கள். படமெடுக்கும் ஆசை உள்ளவர்கள் இன்னும் சற்று மேற்கே செல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களை அடுத்து, ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் திருக்கோயில் அமைதியாக நிற்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருவறையைப் படமெடுக்கலாகாது. தமிழகத் திருக்கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது சிலர் முணுமுணுத்தார்கள், எனக்கு மகிழ்ச்சியே. பெருமாளுக்கு முன்னால் இரு கைகளும் கூப்புவதற்காக இருக்கின்றன. கயிலாசநாதர் கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. அங்கே வெளிச்சுற்றில், அனுமதிக்கும் இடங்களில் மட்டும் படமெடுத்துக் கொள்ளலாம்.

காலை இளவெயில் சாய்ந்து விழும்போது போக வேண்டும். அப்போதுதான் சிங்கத் தூண்களின் பிடரிமயிர் சுருள் சுருளாகத் தெரியும். உச்சிவெயிலில் அந்த மணற்கல் வெளிறிப் போய்விடுகிறது. திருச்சுற்றில் 58 சிறு சந்நிதிகள் உள்ளன. சிலவற்றின் சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ரேய் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். ஒரு கண், ஒரு கிரீடத்தின் விளிம்பு, கொஞ்சம் செம்மண் நிறம்; அவ்வளவே.

வீட்டுக்கு வந்து, காப்பி அருந்தியபடி இந்தப் படங்களைத் திருத்துவது ஒரு தனிச் சுகம். அண்ணாந்து எடுத்த விமானம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் இருக்கும். அதை நிமிர்த்துவேன். ஓரத்தில் புகுந்த குப்பைத் தொட்டியை வெட்டுவேன். நிழலைச் சற்றே விலக்குவேன். நிறத்தை மட்டும் தொடுவதில்லை. விரலால் ஒரு கோட்டை இழுத்தால் போதும், மங்கிய ஓவியம் பளபளவென்று சிவந்துவிடும். ஆனால் அது பல்லவ ஓவியன் தீட்டிய சிவப்பு அன்று.

பட்டிலும் இதே சங்கடம் உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக நெய்யும் மயில்கழுத்துப் புடவை, அசைத்தால் நீலமாகவும் பச்சையாகவும் மாறி மாறி ஒளிரும். படமோ ஒன்றைத்தான் பிடிக்கும். மடிப்பைத் திருப்பி இரண்டு படமாக எடுத்து அனுப்புவதே நேர்மை. தறியில் இருக்கும் புடவையை நெசவாளரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். அந்த வடிவம் அவருடைய பிழைப்பு.

இந்தப் படங்களை யாருக்கு அனுப்புகிறோம்? எங்கள் குடும்பக் குழுவில் முழங்கால் வலியால் வாசற்படி தாண்ட முடியாத பெரியவர்கள் மூவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்பது படம் அனுப்பினால் கண்தான் வலிக்கும். ஐந்து போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நுணுக்கம் குறைந்துவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் சிற்பத்தின் விரல் நகம்கூடத் தெரியும். படத்தின் கீழே இடம், திசை, தேதி மூன்றையும் எழுதிவிடுவேன். தேதியில்லாத காசோலையை வங்கியில் யார் வாங்குவார்கள்?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் களவு போய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றிருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-ல் எடுத்து, இடமும் ஆண்டும் குறித்து வைத்திருந்த படங்கள்தாம் அவர் எந்த ஊர்க்காரர் என்று சாட்சி சொல்லின. 2014 செப்டம்பரில் அவர் நாடு திரும்பினார்.

காஞ்சியிலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவ மன்னர் வரலாறு முழுதும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் சி. மீனாட்சி அதை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941-ல் படங்களுடன் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த அம்மையார் காலமாகிவிட்டார். மணற்கல் பொரிந்துகொண்டே வருகிறது. அந்தச் சுற்றில் ஒரு தூண் இடைவெளிக்கு ஒரு படமாக, கிழமேலாக எடுத்து வருகிறேன். தென்புறம் முடிந்தது. வடபுறத்துக்கு வெயில் தணிந்த ஒரு மார்கழிக் காலை வேண்டும்.