சுவர் போனது, முடியும் போனது

மனைவியின் முதல் வருடத் திவசத்துக்கு ஒரு படம் பிரேம் போட வேண்டியிருந்தது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலை வரைக்கும், நாற்பது வருடம் தினமும் நடந்தவள். அங்கே எடுத்த படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. இருந்த ஒரே நல்ல படம் வீட்டுக் கூடத்தில், வெள்ளையடித்த சுவர் முன்னால், பேரன் செல்போனில் எடுத்தது. ஒரு விடியற்காலை நான் தனியாகப் போய்க் கடலைப் படம் எடுத்து வந்தேன். இரண்டையும் சேர்க்க வேண்டும்.

"தாத்தா, சுவர் வெள்ளைதானே? வெளிச்சமா இருக்கிற இடத்தை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கிட்டா, பின்னாடி கடல் தெரியும்" என்று பேரன் போனிலேயே சொல்லிக் கொடுத்தான். கிம்ப் என்ற இலவச மென்பொருள். படித்ததெல்லாம் பிரெஞ்சில் என்பதால் அதையும் பிரெஞ்சிலேயே வைத்துக்கொண்டேன். லேயருக்கு அதில் 'கால்க்' என்று பெயர். சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் சேன், லுவார் நதிகளை வரைபடத்திலிருந்து படியெடுத்த டிரேசிங் காகிதமும் எங்களுக்குக் 'கால்க்'தான். ஆனால் அந்தக் காகிதம் எல்லா இடத்திலும் ஒரே மங்கல். இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக்கணக்கு.

கணக்கு இதுதான். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதியை அதன் மேலேயே மாஸ்க்காகப் போட வேண்டும். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும், சாம்பல் பாதி பாதி. எனக்கு வெள்ளைச் சுவர்தானே மறைய வேண்டும்? அதனால் மாஸ்க்கைத் தலைகீழாக்கினேன். சுவர் போனது. ஆனால் முகமும் புடவையும் நடுத்தர வெளிச்சம் இல்லையா, அவள் கன்னத்தில் அலை ஓடியது. விளக்கு வைக்கும் நேரம், வீட்டில் நான் ஒருவன். கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் பேரன் 'லெவல்ஸ்' காட்டினான். மாஸ்க்கில் சாம்பலையெல்லாம் வெள்ளைப் பக்கம் தள்ளினால், மிக வெளிச்சமான இடம் மட்டும் மறையும். முகம் திரும்பி வந்தது. சுவரில் விழுந்திருந்த அவள் நிழல் மட்டும் போகாமல் கடல்மேல் அழுக்காக நின்றது. அதைக் கறுப்புத் தூரிகையால் மறைத்தேன். 1850களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒரே படமாக அச்சிட்டார். இருட்டறையில் அந்த மனிதர் என்ன பாடு பட்டாரோ!

அப்புறம்தான் கவனித்தேன், தலைமுடியைக் காணோம். சுவரோடு சேர்ந்து நரையும் போய்விட்டது. மூக்குத்தியின் மினுக்கும் இல்லை. கணினிக்குச் சுண்ணாம்பும் ஒன்று, நரையும் ஒன்று. மருமகள் எத்தனையோ முறை சாயம் வாங்கிக் கொடுத்தும், "வந்த நரையை எதுக்கு ஒளிக்கணும்?" என்று தொடாமல் வைத்தவள்.

மாஸ்க்கில் வெள்ளை பூசினால் மறைந்தது திரும்ப வரும். மிகச் சிறிய தூரிகை வைத்துக்கொண்டு, இழை இழையாக இரண்டு நாள் பூசினேன். கண்புரை அறுவை செய்த கண், அடிக்கடி நீர் கட்டியது. மூக்குத்தி ஒரே சொடுக்கில் வந்துவிட்டது. நெற்றியோரம் பறந்த ஒரு கற்றையை மட்டும் அப்படியே விட்டேன். அதன் வழியாக விடியற்காலைக் கடல் தெரிகிறது.

பிரேம் கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். "சார், இந்த இடத்துல கொஞ்சம் அழிஞ்சிருக்கு, சரி பண்ணிடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.