விரலுக்குத் தெரிகிற ஆட்டம்

காரின் ஸ்டீரிங் தளர்ந்துவருவது, அதைத் தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் கடைசியில் தெரியவரும். ஒரே நாளில் கெட்டுப்போகிற பாகமென்றால் அன்றே பிடித்துவிடலாம். ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்துகிற மூட்டான டை ராடு எண்ட் அப்படியில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் துளித்துளியாகத் தேய்கிறது, கையும் கூடவே பழகிக்கொள்கிறது. வண்டி இடப்பக்கம் ஒதுங்கினால் நினைக்காமலே வலப்பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறோம். என் பழைய மாருதி 800ஐ ஒரு வேலையாக வாங்கிக்கொண்டு போன அத்தான், ஜங்ஷன் பாலம் ஏறுவதற்குள் போன் போட்டு, "என்ன மாப்ள, ஸ்டீரிங் இப்படி அலையுது?" என்று கேட்டார். வேறு ஒருவர் கையில் வண்டியைக் கொடுத்துப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்.

கைக்கு முன்னால் டயர் சொல்லிவிடும். முன் டயரின் மேல் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். பிறகு திருப்பித் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரம்போல் உறுத்தினால் அந்தச் சக்கரம் நேராக உருளவில்லை, சாலையில் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகிறது என்று அர்த்தம். 12 அங்குலச் சக்கரம் இரண்டுக்கும் நடுவே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் கூடிப்போனால் போதும், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குச் சுமார் 3 மீட்டர் குறுக்கே தேய்கிறது. 100 கிலோமீட்டர் போய்வந்தால் 300 மீட்டர். ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

இங்கேதான் எனக்கு ஆதங்கம். டயர் தேய்ந்தால் உடனே அலைன்மென்ட் பார்க்கச் சொல்கிறார்கள். நான் போன ஒரு கடையில் வண்டியை மேலே ஏற்றினார்கள், சக்கரத்தில் கருவியை மாட்டினார்கள், திரையில் எண்கள் எல்லாம் பச்சையாக வந்தன, காசை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சக்கரத்தை ஒரு தடவைகூடப் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை. மூட்டு ஆடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு அளவு வைப்பதில் என்ன பயன்? கடை வாசல் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதுமே அந்த எண்கள் கலைந்துவிடும்.

பாளையங்கோட்டையில் நான் வண்டியை விடுகிற அண்ணாச்சி வேறு மாதிரி. முதலில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குவார். கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடத்தில் இரண்டு கையையும் வைத்து அசைப்பார். பிறகு பன்னிரண்டிலும் ஆறிலும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு. மேலும் கீழும்கூட ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். அதில் சந்தேகம் வந்தால் என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்வார். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில்.

அத்தோடு விடமாட்டார். சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு, ஸ்டீரிங்கை ஒரு விரற்கடை அளவுக்கு இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு அடியில் படுத்துக்கொள்வார். ஒருமுறை நானும் கூடக் குனிந்து எட்டிப் பார்த்தேன். "கண்ண நம்பாதீங்க தம்பி, வெரல வையுங்க," என்றார். மூட்டின் மேல் விரலை வைத்தேன். ஸ்டீரிங்கில் இருந்த கடைப் பையன் அசைத்தபோது ராடு முதலில் நகர்ந்தது, ஒரு சின்ன 'டக்'குக்குப் பிறகுதான் சக்கரத்தின் கை நகர்ந்தது. கண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே அசைந்தமாதிரிதான் இருந்தது. ராடு ஸ்டீரிங் ராக்கோடு சேர்கிற உள் மூட்டையும் அப்படித்தான் பார்க்கிறார், மடிப்பு ரப்பரை வெளியிலிருந்தே அழுத்திப் பிடித்துக்கொண்டு.

தேய்மானத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையில் ஒரு கிழிசல். ஐப்பசி கார்த்திகையில் தேங்கின தண்ணீரில் வண்டி இறங்குகிறது. கிழிசல் வழியே தண்ணீரும் மண்ணும் புகுந்து கிரீஸைத் தின்றுவிடுகின்றன. லாரிகளில் இன்றும் நிப்பிள் இருக்கிறது, கிரீஸ் அடிக்கிறவர் அந்தச் சாக்கில் மூட்டையும் பார்த்துவிடுகிறார். கார்களில் இப்போது வருவது சீல் செய்த மூட்டு. கவனிப்பு தேவையில்லை என்று வந்த பாகத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது கழன்றால் அந்தப் பக்கத்துச் சக்கரம் ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மாற்றுகிற வேலை பெரிதில்லை, பொறுமை வேண்டும். லாக் நட்டைத் தளர்த்துவதற்கு முன் அண்ணாச்சி மரையில் பெயின்டால் ஒரு கோடு போட்டார். ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றினார். கூம்பு வடிவத் தண்டு அதன் துளையில் இறுகிக் கிடக்கும். மரையில் அடித்தால் மரை போய்விடும். துளையைச் சுற்றியிருக்கிற இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி, தண்டு தானாகக் கீழே இறங்கியது. பழைய எண்டை எத்தனை சுற்றில் கழற்றினாரோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றினார். இரண்டையும் என் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பழையதன் தண்டு தன் கனத்திலேயே சாய்ந்தது. புதியதை விரலால் அசைக்கவே முடியவில்லை.

சுற்றை எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே, 1817ல், மியூனிக்கில் வண்டி கட்டிக்கொண்டிருந்த லான்கென்ஷ்பெர்கர் இதற்கு வழி கண்டார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அவருக்காகக் காப்புரிமை வாங்கிய ஆக்கர்மனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அந்தக் கணக்கைத் தாங்குவதில் இந்த ராடுகளின் நீளத்துக்கும் பங்கு உண்டு. எண்ணி ஏற்றுவது அலைன்மென்ட் கடைவரை ஓட்டிப்போகத்தான் உதவும். புதுப் பாகத்தின் அளவு ஒரு மயிரிழை மாறியிருந்தாலும் கணக்கு தப்பும்.

பின்னின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தக் கூடாது, அடுத்த துளைக்கு இறுக்க வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே புதுப் பின்னை வளைத்துவிட்டார் அண்ணாச்சி. பழைய பின்னைத் திரும்பப் போடவே மாட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப போயி அலைன்மென்ட் பாருங்க தம்பி, காசு வீணாப் போகாது," என்றார். அன்று மாலையே போனேன். ஆனால் அந்தப் பழைய கடைக்கு இல்லை. கருவியை மாட்டுவதற்கு முன் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கிற இன்னொரு கடைக்கு.