சிவனொளிபாத மலையும் ஆயிரம் மீற்றர் ஏற்றமும்

சிவனொளிபாத மலைக்குப் போவதென்று முடிவானதும் எங்கள் மகளிர் சங்கத்தில் எழுந்த முதற் கேள்வி, "எவ்வளவு உயரம்?" என்பதே. 2,243 மீற்றர். வன்னியின் சமதரையில் வயல் வரம்பைத் தவிர வேறெதிலும் ஏறியறியாத பெண்களுக்கு இந்த எண் என்ன சொல்லும்?

உண்மையில் கேட்க வேண்டியது, நாம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதுதான். இலங்கையின் அதியுயர்ந்த மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர். ஆனால் அதன் அடியிலுள்ள நுவரெலியா நகரமே ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மிச்சம் 650 மீற்றர்தான். சிவனொளிபாதம் அதைவிடக் குறைந்த மலை. ஆயினும் ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியில் இறங்கி நடக்கத் தொடங்கினால் ஏற்றம் சுமார் 1,000 மீற்றர். 60 அடித் தென்னைகள் ஐம்பத்தைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியது போல! இரத்தினபுரிப் பாதையில் இன்னும் மிக அதிகம். இடையில் பாதை இறங்கினால், அதையும் திரும்ப ஏற வேண்டும்.

1892 இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். 3 மைல் நடைக்கு ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம். நல்லதண்ணியிலிருந்து பாதை சுமார் 7 கிலோமீற்றர். கூட்டிப் பார்த்தால் மூன்று மணித்தியாலம் வருகிறது. அது உடற்பலமுள்ளவர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. எங்களுக்கு ஐந்தரை சென்றது.

எங்களோடு வந்த ஓர் அக்காவின் முழங்காலில் 2009 இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. "தங்கச்சி, அரைவாசித் தூரம் போனால் மிச்சமும் போயிடலாந்தானே?" என்று கேட்டார். இந்த மலையில் அப்படியில்லை. தொடக்கத்தில் தேயிலைத் தோட்டங்களினூடே பாதை மெல்லத்தான் ஏறுகிறது. சீதகங்குல ஓடையைத் தாண்டிய பிறகே செங்குத்தான படிகள், கைபிடிக் கம்பிகள். பாதித் தூரம் நடந்தும் பாதி ஏற்றம் ஏறியிருக்க மாட்டோம். இதை முன்கூட்டியே சொன்னதால் அவர் தாமே முடிவெடுத்தார். ஓடையில் முகம் கழுவி, மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தன் மகளுடன் தேநீர்க் கடையில் இருந்துகொண்டார். கும்பிட வந்தவள் இடையில் நிற்கக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மார்கழிப் போயாவிலிருந்து வைகாசிப் போயா வரையே யாத்திரைக் காலம். அப்போதுதான் இரவு முழுவதும் விளக்கெரியும், கடைகள் திறந்திருக்கும். உச்சியில் அடிவாரத்தைவிட ஆறேழு பாகை குளிர் கூடுதல், காற்றும் பலம். வியர்த்த சட்டையை மாற்ற வேறொன்றும், சுவெற்றரும் கொண்டு போங்கள்.

இறங்குவதை எளிதென நினையாதீர்கள், சகோதரிகளே. ஏறுகையில் வாங்குவது மூச்சு. ஆயிரக்கணக்கான படிகளில் இறங்குகையில் உடற்பாரமெல்லாம் முழங்காலில். கைத்தடி அப்போதுதான் அதிகம் உதவும். எங்களில் இளையவளான இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகூட மறுநாள் பஸ் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்கினாள்.