பகடையும் கணக்கும்

பகடை உருட்டுவோர் பலர். உருட்டுவதற்கு முன் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் பீப்ஸ். கடற்படை நிர்வாகத்தில் உயர்பதவி வகித்தவர், நாட்குறிப்பினால் புகழ்பெற்றவர். 1693ஆம் ஆண்டில் அவர் பேரறிஞர் நியூற்றனுக்குக் கடிதம் எழுதி ஒரு வினாவை விடுத்தார். ஒருவன் 6 பகடைகளை எறிந்து ஒன்றிலேனும் ஆறு பெறவேண்டும். இரண்டாமவன் 12 எறிந்து இரண்டிலேனும் பெறவேண்டும். மூன்றாமவன் 18 எறிந்து மூன்றிலேனும் பெறவேண்டும். எவனுக்கு வாய்ப்பு அதிகம்?

மூன்றாமவனுக்கே என்பது பீப்ஸின் எண்ணம். உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் என் மகனோ, "ஆறுக்கு ஒன்று என்னும் விகிதம் மூவருக்கும் பொதுதானே, அப்பா? வாய்ப்பும் சமமே" என்றான்.

எனக்கு இது வெறும் விளையாட்டு வினாவாகத் தோன்றவில்லை. மேலும் மேலும் ஆடினால் இழந்தது தானே ஈடாகிவிடும் என நம்பி என் தாய்மாமன் தம் தோட்டக்காணியையே இழந்ததை நான் கண்டவன். ஆகவே, வாதம் செய்யாது கணக்கைச் செய்து பார்க்கும்படி மகனிடம் கூறினேன்.

6 பகடைகள் 46,656 வகையாக விழலாம். அவற்றுள் 15,625 வகைகளில் ஆறு விழுவதேயில்லை. எஞ்சிய 31,031 வகைகளும் வெற்றி, நூற்றுக்கு 66.5. இதனைத் தாளிலேயே முடித்துவிடலாம். 18 பகடைகளுக்கோ நூற்றொரு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது.

இங்கேதான் பைதன் என்னும் கணினி மொழி துணைபுரிந்தது. மகன் பத்து வரிகளில் ஒரு நிரல் எழுதினான். ஆறு ஒன்றுமில்லை, ஓர் ஆறு, இரண்டு ஆறு என வரிசையாகப் பெட்டிகள் இருப்பதாகக் கொள்க. தொடக்கத்தில் முதற் பெட்டியில் மட்டும் 1 இருக்கும். ஒரு பகடை சேருந்தோறும் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளதன் ஆறில் ஐந்து பங்கு அங்கேயே நிற்கும். ஆறில் ஒரு பங்கு அடுத்த பெட்டிக்குச் செல்லும். நிரலின் வேலை இவ்வளவே. பல பகடைகளை ஒருங்கே எறிந்து வெற்றிகளை எண்ணும் இக்கால விளையாட்டுகளுக்கும் இம்முறை பொருந்தும். ஐந்தும் ஆறும் வெற்றியாயின், பங்குகளை மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என மாற்றினாற் போதும்.

விடை கணப்பொழுதில் வந்தது: நூற்றுக்கு 66.5, 61.9, 59.7. முதலாமவனே முந்தியவன். நியூற்றனும் அவ்வாறே விடை எழுதியிருந்தார்.

காரணம் யாது? மூவரும் அடையவேண்டியது தத்தம் சராசரியையே. சரியாகச் சராசரியிலேயே நிற்கும் வாய்ப்பு 6 பகடைகளுக்கு நூற்றுக்கு 40, 12க்கு 30, 18க்கு 25. பகடைகள் பெருகப் பெருக அச்சிறு சலுகை கரைந்து, வெற்றி பாதியை நோக்கி இறங்குகிறது.

மாணவர்களே, விகிதம் ஒன்றாயிருப்பதனால் வாய்ப்பும் ஒன்றாகிவிடாது. ஆட்டம் நீள நீள அதிட்டத்தின் கை தளரும். சராசரியின் கை ஓங்கும். சூதாட்ட மேசையிலோ அச்சராசரி மேசைக்காரன் பக்கமே சாய்ந்து நிற்பது. அங்கே நெடுநேரம் அமர்பவன் தன் இழப்பையே உறுதி செய்துகொள்கிறான். இதனை உணர்த்தும் பத்து வரிகள், ஒரு குடும்பத்தின் காணியைக் காக்கவும் வல்லவை.